அறுவை சிகிச்சையில் திசுப் பசை: நாள் குறிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து, குறுவைக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்வதற்குள் குடலிறக்கத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று நாள் பார்ப்பவர்கள் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் உண்டு. அவர்களில் சிலர், "தையல் போடாமல் பசையால் ஒட்டிவிடலாமாமே?" என்று கேட்பார்கள். தோலின் மேல் பூசும் பசையும் உடலுக்குள் இடும் பசையும் வேறு வேறு என்பதால், மருத்துவர் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோலில் பூசுவது பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகை. காயத்தின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து மேலே பூசினால் நொடிகளில் இறுகிவிடும். தையல் பிரிக்க மறுபடி வர வேண்டியதில்லை. சிலருக்கு ஒவ்வாமையால் அரிப்பும் கொப்புளமும் வரலாம். அசையும் மூட்டுகளிலும் இழுபடும் இடங்களிலும் இதை மட்டும் நம்ப முடியாது.

உள்ளே இடுவதில் முக்கியமானது ஃபைப்ரின் பசை. இரண்டு ஊசிக்குழல்கள் ஒரே தண்டில் பூட்டப்பட்டிருக்கும். ஒன்றில் ஃபைப்ரினோஜென், மற்றொன்றில் த்ராம்பின்; இரண்டும் இரத்தம் உறையக் காரணமான புரதங்கள். அழுத்தும்போது இரண்டும் நுனியில் கலந்து, நம் இரத்தம் இயல்பாக உறையும் கடைசிப் படியை அந்த இடத்திலேயே நடத்தி, வெண்மையான மெல்லிய படலமாகின்றன. கல்லீரலின் வெட்டுப் பரப்பைப் போல முழுக்கக் கசியும் இடங்களில், தையல் எட்டாத கசிவை இது அடைக்கிறது. குடலிறக்கத்தில் வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தைத் தாங்க வைக்கும் வலையைச் சிறு ஆணிகளுக்குப் பதிலாக இதனால் பொருத்தினால் நாள்பட்ட வலி குறையக்கூடும். ஆயினும் பீறிடும் இரத்தக்குழாயைக் கட்டித்தான் ஆக வேண்டும். பசை தையலுக்குத் துணை மட்டுமே.

அபாயங்களையும் ஒளிவுமறைவின்றிக் கேளுங்கள். இப்பசை மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படுகிறது. கிருமிநீக்கம் செய்தாலும் தொற்று அபாயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சில தயாரிப்புகளில், உறைந்த படலம் விரைவில் கரையாமல் காக்க, மாட்டிலிருந்து பெற்ற அப்ரோட்டினின் என்ற புரதம் இருக்கும். முன்பு ஒருமுறை அது உடலில் சேர்ந்திருந்தால் மறுமுறை கடும் ஒவ்வாமை நேரலாம். சமய நம்பிக்கை காரணமாக மனித அல்லது விலங்குப் பொருள் வேண்டாம் என்றால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரத்தக்குழாய்க்குள் பசை புகுந்தால் உறைகட்டி உண்டாகும். காற்றழுத்தத்தால் மிக அருகிலிருந்து தெளித்தபோது காற்றுக்குமிழி இரத்தத்தில் ஏறி உயிரிழப்பு நேர்ந்ததும் உண்டு. நீரேறி உப்பும் வேறு வகைப் பசைகளை முதுகுத்தண்டு போன்ற இறுக்கமான இடத்தில் இட்டால் நரம்பை அழுத்தலாம். "எந்தப் பசை, எதற்காக, அது இல்லாமல் முடியாதா?" என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது, நோயாளியின் உரிமை அது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தால் சீட்டோடு காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பசையின் விலை காப்பீட்டில் அடங்குமா என்பதையும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே விசாரித்துவிடுங்கள்.

வீடு திரும்பியபின் தோல் பசையின் மேல் தேங்காயெண்ணெயோ களிம்போ தடவாதீர்கள், பசை இளகிவிடும். மருத்துவர் அனுமதித்தபின் தண்ணீரை லேசாக ஊற்றிக் குளிக்கலாம், ஆனால் ஆற்றிலோ குளத்திலோ முங்கக் கூடாது. ஐந்து முதல் பத்து நாளில் அது தானே உரியும்; பிய்க்க வேண்டாம். சிவப்பு, சீழ், காய்ச்சல், பிளவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே செல்லுங்கள். இட்ட பசையின் பெயரை வெளியேற்றச் சீட்டில் (டிஸ்சார்ஜ் சம்மரி) எழுதித் தரச் சொல்லி அதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை வேறு ஊரில் வேறு மருத்துவர் அறுவை செய்ய நேர்ந்தால், அவர் முதலில் அறிய வேண்டியது அந்தப் பெயரைத்தான்.