அடிமை ஓலை கையில் கிடைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டுப் பெட்டகங்களில் காணி உறுதிகளுக்கு அடியில் சில வேளை ஒரு கட்டு ஓலை கிடக்கும். சீதன ஓலையாக இருந்தால் இத்தனை பரப்புத் தோட்டம், இத்தனை பனை, இன்ன நகை என்று போகும். அப்புறம் ஒரு பெண்ணின் பெயரும் அவள் பிள்ளைகளின் பெயர்களும் வரும். அவர்கள் மணமகளின் உறவினர் அல்லர். காணியோடும் நகையோடும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள்.

எங்கள் அம்மம்மா வீட்டு ஓலையை இருபது வயதில் நான் படியெடுத்தேன். காணி எல்லைகளை எழுத்துப் பிசகாமல் எழுதினேன். அதில் இப்படிக் கொடுக்கப்பட்டிருந்த மூன்று பேரின் பெயர்களை விட்டுவிட்டேன், காணிப் பிரச்சினைக்கு அவை தேவையில்லை என்ற நினைப்பில். பிறகு ஓலையைக் கறையான் அரித்துவிட்டது. இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. காணிக்கு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக் காணிப் பதிவேடான தோம்பும் வேறு உறுதிகளும் இருக்கும். கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் அந்த ஒரு வரியில் மட்டுமே இருந்திருக்கக்கூடும். ஆகவே படியெடுக்கும்போது ஆட்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள்.

எழுதும்போது திருத்தாதீர்கள். பழைய ஓலையில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே கீறப்பட்டிருக்கும். 'வெலன' என்று இருப்பது வேலனாக இருக்கலாம். உள்ளபடி ஒரு படி, உங்கள் வாசிப்பில் ஒரு படி என்று இரண்டு எழுதி வைத்தால் பின்னால் வருபவர் சரிபார்க்கலாம்.

சொற்களும் ஏமாற்றும். 'சிறை' என்று கண்டவுடன் மறியற்சாலை என்று எடுத்துவிடுகிறோம். பழைய யாழ்ப்பாண வழக்கில் அது அடிமையாளையும் குறிக்கும். மறுபக்கம், 'ஊழியம்' என்று கண்ட இடமெல்லாம் அடிமை என்று எழுதுவதும் பிழை. ஒல்லாந்தர் காலத்தில் அது சில சமூகத்தினர் அரசுக்குக் கட்டாயமாகச் செய்யவேண்டியிருந்த வேலை. கொடுமையானதுதான், ஆனால் ஒரு மனிதரை விற்பதும் சீதனமாகக் கொடுப்பதும் வேறு.

ஆண்டைப் பொறுத்தவரை இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ வருடம் 1747ஆகவும் இருக்கலாம், 1807ஆகவும் இருக்கலாம். முன்னது ஒல்லாந்தர் ஆட்சி, பின்னது ஆங்கிலேயர் ஆட்சி. அடுத்தது, 1833இல் பிரித்தானிய சாம்ராஜ்யம் முழுவதும் அடிமை முறை ஒழிந்தது என்ற எண்ணம். அந்தச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கே அது சட்டப்படி ஒழிந்தது 1844இல், அந்த ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். ஆகவே 1838ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அடிமை என்று இருந்தால் அது போலி என்று தூக்கிப் போடாதீர்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத் தொகுப்பான தேசவழமையைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அது யார் வாயிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, முதலியார் பதவியில் இருந்த 12 உள்ளூர்த் தலைவர்கள் பார்த்துச் சரி சொன்னது அது. 1707இல் முடிந்தது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று அது அடிமைகளைச் சாதிவாரியாகப் பிரிக்கிறது. அடிமைப்பட்டவர்களிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. அதை வைத்து இன்ன சாதியில் எல்லாரும் அடிமையாக இருந்தார்கள் என்று முடிவு கட்டுவது அநியாயம். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த காலங்களில் விலைக்கு வாங்கி இங்கே இறக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதோடு எல்லாம் போய்விட்டது என்று பலர் தேடுவதையே விட்டுவிட்டார்கள். போனது பேரிழப்பு. ஆனால் ஒல்லாந்தர் ஆவணங்கள் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. 1818இலிருந்து எடுக்கப்பட்ட அடிமைப் பதிவேடுகள் லண்டன் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே தேடும்போது உங்கள் பூட்டனின் பெயரோடு நிற்காதீர்கள். பெண்களின் பெயர்களைப் பாருங்கள். சில சாதி அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசே விலை கொடுத்து விடுவிக்க 1821இல் சட்டம் வந்தது. தாய் அடிமை, மகள் இல்லை என்ற நிலை அப்படித்தான் வந்தது.

ஓலைக்கு லேமினேட் வேண்டாம், செலோடேப் வேண்டாம், கையில் கிடைத்த எண்ணெய் எதையும் பூசவும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தால் கீறல் தெளிவாகத் தெரியும். பிறகு நூலகம் நிறுவனம் போல ஓலைகளை எண்ணிமப்படுத்துபவர்களிடம் கேளுங்கள்.

படத்தை எடுத்தவுடன் ஊர்ப் பெயர், சாதிப் பெயர் எல்லாம் தெரியும்படி முகநூலில் போடுவது பெரிய தவறு. 'எங்கள் பரம்பரை இத்தனை அடிமை வைத்திருந்தது' என்று பெருமை பேசிப் போடுபவர்களையும் கண்டிருக்கிறேன், நெஞ்சு எரிகிறது. ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கோயிலுக்குள் விடச் சொல்லி மாவிட்டபுரத்தில் போராட்டம் நடந்தது 1968இல்தான். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வெட்கப்பட்டு ஓலையை அடுப்பில் வைப்பவர்களும் உண்டு. அவர்கள் எரிப்பது தங்கள் முன்னோரின் குற்றத்தை மட்டுமல்ல, இன்னொரு குடும்பத்தின் முன்னோரையும் சேர்த்துத்தான்.

அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர், "எங்கட ஆக்களின்ர பேர் உங்கட ஓலையில இருக்காம்" என்று கேட்டு வந்தால் படலையில் வைத்துப் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு இருத்தி, ஓலையைக் காட்டி, அந்த வரிகளின் படி ஒன்றைக் கையில் கொடுங்கள்.