மகனுக்குத் தனியாரிடம் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) மதிப்பீடு: என் அனுபவம்

"கவனமே இல்லை" என்று பள்ளியிலிருந்து ஓயாத புகார். அரசு மருத்துவமனையில் தேதி தள்ளிக்கொண்டே போனது. சென்னையிலேயே தனியாரிடம் பார்க்க முடிவு செய்தோம்.

போனில் கட்டணத்துக்கு முன்னால் நான் கேட்டது இதைத்தான்: சோதனை செய்பவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? பதிவு எண் ரிப்போர்ட்டில் வருமா? மழுப்பிய இடங்களை அப்போதே விட்டுவிட்டேன். ஏ.சி. போட்ட வரவேற்பறையை வைத்து என்ன செய்வது!

கண், காது பரிசோதனையை முதலில் முடித்தோம். பிறகு பீரோவைக் குடைந்து சின்ன வகுப்பு நோட்டுகள், ரேங்க் கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்தேன். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, பள்ளி என இரண்டு இடத்திலும் தெரிகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். வகுப்பு டீச்சரிடமும் படிவம் நிரப்பி வாங்கினேன். நாங்கள் சொன்னதைவிட, ஓரத்தில் சிவப்பு மையில் "முடிக்கவில்லை" என்றிருந்த அந்த நோட்டுகளைத்தான் சைக்காலஜிஸ்ட் நிதானமாகப் புரட்டினார்.

ரிப்போர்ட்டில் கற்றல் குறைபாடும் சேர்ந்து வந்தது. அது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்று. ஆனால் தனியார் ரிப்போர்ட் மட்டும் அரசுச் சான்றிதழ் ஆகாது. யு.டி.ஐ.டி. என்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டைக்குத் தனியாக விண்ணப்பித்திருக்கிறோம்.