சொன்னால் கேட்காத நிரலும் வீங்கும் லாக்கும்

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையின் லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தராசிலிருந்து எடையை வாங்கிப் பில் போடும் நிரல் அதில் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது போனே எடுப்பதில்லை. தட்டில் ஷீட் இல்லாவிட்டாலும் விநாடிக்குப் பத்து முறை 'பூஜ்யம்' என்று லாக்கில் (நிரல் தன் நடப்பைக் குறித்துவைக்கும் கோப்பு) எழுதிக்கொண்டே இருக்கும். ஒன்றரை வருடம் யாரும் கவனிக்கவில்லை. ஆனி மழையில் ஒரு காலை லாக் 20 ஜிபி ஆகி டிஸ்க் நிரம்பி, பில் நின்றது.

அவசரத்தில் ஆர்எம் (rm) என்ற அழிக்கும் கட்டளையைப் போட்டு லாக்கை அழித்தேன். கோப்பு போனது, இடம் வரவில்லை. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூவில் (du) பார்த்தால் காலி, டிஸ்க்கில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் டிஎஃப்பில் (df) பார்த்தால் 100 சதவீதம். ஆர்எம் எடுப்பது பெயரை மட்டும்தான். நிரல் திறந்து வைத்திருக்கும்வரை கோப்பு டிஸ்க்கில்தான் கிடக்கும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளைக்கு '+எல்1' (+L1) கொடுங்கள், பெயர் போன கோப்புகள் நிரலின் எண்ணோடு வரும். நிரலை நிறுத்தி ஓட்டினால் இடம் திரும்பிவிடும். வாசலில் ஆள் நிற்கும்போது நிறுத்த முடியாதே! ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் (/proc) அடைவில் அந்த நிரல் எண்ணுக்குள் 'எஃப்டி' (fd) இருக்கும், நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகள் அதில் எண்களாக வரும். அதில் அந்தக் கோப்பின் எண்ணைப் பிடித்து ட்ரங்கேட் (truncate) செய்தேன், அதாவது கோப்பை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்தேன்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சிரட்டையை மரத்திலிருந்து கழற்றிக்கொண்டு போகக் கூடாது, பாலை ஊற்றிவிட்டு அதே கம்பியில் வைக்க வேண்டும். லாக்கும் அப்படித்தான். அழிக்காதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள் (மாற்றினாலும் நிரல் பழைய கோப்பிலேயே எழுதும்). ட்ரங்கேட் கட்டளையில் அளவு 0 கொடுங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். எங்கள் தொடக்க ஸ்கிரிப்டில் '>' என்று ஒற்றை அம்பு இருந்தது, நிரல் எழுதுவதை லாக் கோப்புக்கு அனுப்பும் குறி அது. அப்படியானால் காலி செய்த பிறகும் நிரல் விட்ட இடத்திலிருந்தே எழுதும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) மறுபடி 20 ஜிபி காட்டும், முன்பகுதி முழுக்க வெறும் சுழி பைட்டுகள். அந்தச் சுழிகள் டிஸ்க்கில் இடம் பிடிக்காது, ஆனால் கோப்பைத் திறந்தால் தலை சுற்றும். '>>' ஆக்கி (இது எப்போதும் கோப்பின் கடைசியில் எழுதும்), கடை அடைத்த பிறகு ஒருமுறை நிரலை மறுபடி ஓட்டினேன்.

அப்புறம் லாக்ரொட்டேட் (logrotate), லாக் வளர்ந்ததும் பழையதை ஒதுக்கிவைக்கும் கருவி. அதில் சைஸ் 50எம் (50 எம்பி தாண்டினால் ஒதுக்கு), ரொட்டேட் 4 (பழையதில் நான்கை வை), கம்ப்ரஸ் (பழையதைச் சுருக்கு), முக்கியமாகக் காப்பிட்ரங்கேட் (copytruncate). நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்வதால் நிரலுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நகலுக்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும். நகலுக்கும் காலி செய்வதற்கும் நடுவே சில வரிகள் தவறலாம். தராசின் பூஜ்யம் போனால் போகட்டும். பணக்கணக்கு எழுதும் லாக்குக்கு இதை வைக்காதீர்கள்.