ஊடல் தீர்க்கும் ‘உணர்த்துதல்’: இனங்காண்பதும் எழுதுவதும்

‘உணர்த்து’ என்றால் தெரிவித்தல், புரியவைத்தல் என்றே இன்று பொருள் கொள்கிறோம்; பழைய அகப்பாடல்களிலோ அதே வினை, ஊடியிருப்பவரின் மனத்தை ஆற்றி இணங்கச் செய்வதையும் குறிக்கும். இவற்றுள் எது என்று அறிய, முதலில் செயப்படுபொருளைப் பாருங்கள். கருத்தோ உண்மையோ செயப்படுபொருளாக வந்தால், தெரிவித்தல் என்று கொள்ளுங்கள். ஆள் வந்து, அருகில் ஊடல், புலவி, காய்தல் (சினத்தல்) போன்ற சொல்லும் இருந்தால், பெரும்பாலும் ஊடல் தீர்த்தலே பொருளாகும்.

“தன்னை உணர்த்தினும் காயும் பிறர்க்குநீர்
இந்நீரர் ஆகுதிர் என்று” (குறள் 1319)

இங்கே ‘தன்னை’ என்பது தலைவியைக் குறிக்கிறது. அவளது ஊடலைத் தலைவன் பணிந்து தீர்த்தாலும், மற்ற மகளிரிடமும் இப்படித்தான் நடந்துகொள்வீர் என்று அவள் சினக்கிறாள். இன்றைய வழக்கை நம்பி, அவன் தன்னைப் பற்றி விளக்கினான் என்று படித்தால் குறளின் நகைச்சுவையே போய்விடும்.

நிகழ், நிகழ்த்து போல, உணர் என்பது தன்வினை, உணர்த்து என்பது பிறவினை. “ஊடல் உணர்தல் புணர்தல்” என்ற 1109ஆம் குறளின் வரிசையில், ஊடலுக்கும் கூடலுக்கும் நடுவே நிற்கும் உணர்தல், ஊடல் தெளிந்து இணங்குவதையே சுட்டுகிறது. அறிதல் என்ற பொருளிலிருந்து மனம் தெளிதலுக்கும், அதிலிருந்து தெளிவித்தலுக்கும் இச்சொல் நகர்ந்ததாகக் கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தொல்காப்பியத்தின் கற்பியல் என்ற இயல், ஊடல் தீர்த்தலைக் குறிக்கும் ‘உணர்ப்பு’ என்ற பெயர்ச்சொல்லையும் தருகிறது: உணர்ப்பின் எல்லையைத் தலைவியின் ஊடல் கடந்துவிட்டால், புலத்தலும் (பிணங்குதலும்) ஊடலும் தலைவனுக்கும் உரியனவாம். 1304ஆம் குறளில் பிறவினை உருவம்கூட இல்லை. ‘ஊடியவரை உணராமை’ என்பதற்கே ஊடியவரைத் தேற்றாமல் விடுதல் என்று பொருள் கொள்ள வேண்டும். அப்படி விடுவதை, வாடிய கொடியை அடியோடு அரிவதற்கு அக்குறள் ஒப்பிடுகிறது.

எழுதும்போது, மரபுக்கவிதையிலும் அகப்பாடல் உரையிலும் ‘ஊடல் உணர்த்தினான்’ என்று தயங்காமல் எழுதலாம். ஊடல் என்ற சொல்லை உடன் வைத்தால் வாசகர் தடுமாற மாட்டார். அமைச்சர் போராட்டக்காரர்களை ‘உணர்த்தினார்’ என்று செய்தியில் எழுதுவது பிழையாகவே படும். அங்கே ‘சமாதானப்படுத்தினார்’ என்பதே போதும். தூய தமிழ் வேண்டுவோர் ‘தணித்தார்’ என எழுதலாம். ஆனால் அதற்குச் செயப்படுபொருளாக ஆளை வைக்காமல், ‘அவர்களின் சினத்தைத் தணித்தார்’ என்று சினத்தை வைக்க வேண்டும்.