'நான்' என்று சொல்வது யார்? கவிதை வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"யாரும் இல்லைத் தானே கள்வன்" என்று தொடங்குகிறது குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. அவன் என்னைக் கூடிய நாளில் சாட்சிக்கு ஒருவரும் இல்லை. ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகுப் பறவைதான் இருந்தது. அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று ஒரு பெண் கலங்குகிறாள். பாடியவர் கபிலர். இந்த 'நான்' கபிலர் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இன்றைய கவிஞர் ஒருவர் 'என் தாயை நான் மன்னிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதட்டும். உடனே அவர் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

கவிஞரையும் கவிதைக்குள் பேசுகிறவரையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறு. தேர்வு விடைகளிலும் நூல் மதிப்புரைகளிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். இப்படிப் படிக்கும்போது கவிதை ஒரு வாக்குமூலமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வரி ஏன் அந்தச் சொல்லில் நிற்கிறது, ஏன் பாதியில் குரல் தளர்கிறது என்பதெல்லாம் கண்ணில் படாமல் போகிறது. "யாயும் ஞாயும் யாரா கியரோ" பாட்டைப் பாடியவருக்குப் பெயர்கூட நம்மிடம் இல்லை. பாட்டில் வரும் 'செம்புலப் பெயல்நீர்' என்ற தொடரை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். வாழ்க்கை வரலாறே இல்லாத ஒருவருடைய பாட்டு இத்தனை நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அவர் யாரைக் காதலித்தார் என்ற தகவல் தேவைப்படவே இல்லை.

நம் மரபு இதில் மிகத் தெளிவாக இருந்தது. காதலைப் பாடும் அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறது தொல்காப்பியம். செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம் எல்லாவற்றையும் சேர்க்கிறது. அப்புறம் 'முன்னம்' என்று ஓர் உறுப்பு: "இவ்விடத்து இம்மொழி இவரிவர்க்கு உரிய என்று அவ்விடத்து அவரவர்க்கு உரைப்பது." எந்த இடத்தில், எந்தப் பேச்சு, யாருக்கு உரியது என்று அறிந்து சொல்வது. எந்தக் கவிதையைப் படித்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதிலிருந்து வந்ததுதான். யார், யாரிடம், எப்போது?

இதில் 'யாரிடம்' என்பதைத்தான் நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். குறுந்தொகை 3ஆம் பாட்டைப் பாருங்கள். "நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரள வின்றே" என்று தலைவி தன் நட்பின் அளவைச் சொல்கிறாள். தனியாக எடுத்துப் படித்தால் காதலின் பெருமையைச் சொல்லும் நான்கு அடி. ஆனால் பாட்டின் கீழ் உள்ள பழைய குறிப்பு, அதாவது துறைக்குறிப்பு, வேறொரு காட்சியைக் காட்டுகிறது. தலைவன் வேலிப்புறத்தில் மறைந்து நிற்கிறான். அவன் காதில் விழும்படி தோழி அவனைக் குறை சொல்கிறாள். அதற்கு மறுப்பாகத் தலைவி பேசுகிறாள். இப்போது அதே சொற்களைக் கேளுங்கள். தோழிக்குச் சொல்வதுபோல் இருந்தாலும் அவை போய்ச் சேர வேண்டியது அவனிடம். இவ்வளவு பெரிய அன்பை வைத்திருக்கிறேன், நீ இன்னும் மணம் பேச வராமல் மறைந்து நிற்கிறாயே என்ற வேண்டுதல் அதற்குள் கேட்கிறது. ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்பவர் மாறியதும் பாட்டு மாறிவிட்டது.

சரி, அந்தக் குறிப்பையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது, அதுவும் தவறுதான். வேலி, தலைவன், தோழியின் பழிப்பு எதுவும் பாட்டின் அடிகளுக்குள் இல்லை. துறைக்குறிப்பு பாட்டுக்கு வெளியே நிற்பது, ஒரு தேர்ந்த வாசிப்பு. அதை மதிக்க வேண்டும். அதற்காகப் பாட்டை நாமே கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. உரையாசிரியர்களே இதில் மாறுபட்டிருக்கிறார்கள். "செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை" என்ற குறளைப் பரிமேலழகர் தோழி கூற்றாகக் கொள்கிறார். தலைவி கூற்றாகப் படிப்பவர்களும் உண்டு. தலைவி சொன்னால், நீ திரும்பும்வரை நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்ற அழுகை. தோழி சொன்னால், அவள் இருக்கமாட்டாள், யோசித்துப் போ என்று இன்னொருத்திக்காக நிற்கும் துணிச்சல். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குரலே வேறாக வரும்.

இதே குறளை 'வள்ளுவர் சொல்கிறார்' என்று மேற்கோள் காட்டுவதும் நடக்கிறது. அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். காமத்துப்பாலில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தலைவன், தலைவி, தோழி. பாத்திரத்தின் வாயிலிருந்து வரியைப் பிடுங்கி ஆசிரியரின் கருத்தாக்குவது காப்பியங்களுக்கும் நாடகங்களுக்கும் இன்னும் பெரிய அநீதி. வஞ்சகம் பேசும் பாத்திரத்துக்கு நல்ல கவிஞர் மிக அழகான சொற்களைக் கொடுப்பார். அழகு ஒப்புதல் ஆகாது.

பேசுகிறவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுவது அடுத்த தவறு. ஒரு கதைசொல்லி 'எனக்கு யார்மேலும் கோபம் இல்லை' என்று ஒரே பக்கத்தில் மூன்று முறை சொன்னால், அந்த மூன்றாவது முறையைக் கவனியுங்கள். தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவர், நடந்ததைப் புரிந்துகொள்ளும் வயது வராத குழந்தை, குற்றத்தை மறைக்கிறவர் என்று பலரும் கதை சொல்லலாம். அவர்கள் சொல்வதற்கும் நாம் காண்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் ஆசிரியர் வேலை செய்கிறார்.

படர்க்கையில் எழுதிய கதையில் பேசுகிறவர் என்று யாரும் இல்லை என நினைப்பதும் உண்டு. 'அவள் கதவைச் சாத்தினாள். இனி அந்த வீட்டுக்கு அவள் தேவையில்லை.' முதல் வாக்கியம் செய்தி. இரண்டாவது யாருடையது? கதைசொல்லியின் தீர்ப்பா, அவள் மனதில் ஓடியதா? இரண்டாவதாக இருந்தால், அவள் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் முழுக் கதையின் பொருளும் திரும்பிவிடும்.

இவ்வளவையும் கற்ற பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 'நான்' எப்போதும் கற்பனைதான், கவிஞரின் வாழ்க்கைக்கும் கவிதைக்கும் தொடர்பே கிடையாது என்பார்கள். புறநானூறு 112 அதற்கு இடம் கொடுப்பதில்லை. "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில் எந்தையும் உடையேம்" என்று பாடுகிறவர்கள் பாரி மகளிர், பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகள்கள். பாடியவர்களாகக் குறிக்கப்பட்டவர்களும் அவர்களே. இங்கே இழந்த தந்தையையும் பறம்பு மலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு 'ஒரு பேசுகுரல்' என்று எழுதினால் பாட்டில் மிஞ்சுவது குறைவு. அதே சமயம், வரலாற்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாலும் குரலைத் தவறவிடுவோம். பழந்தமிழில் 'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். 'யாம்', 'எம்' இரண்டும் சேர்த்துக்கொள்வதில்லை. இந்த ஐந்தடிப் பாட்டில் எந்தை (எம் தந்தை), எம் குன்று, மறுபடி எம் குன்று, யாம், மறுபடி எந்தை. அந்த நிலவைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். நாம் சற்றுத் தள்ளி நின்று கேட்கிறோம்.