மலையேற்றக் கடைகளின் நற்பணி: நல்ல எண்ணம் எங்கே தடம் மாறுகிறது?

டென்ட், ரக்சாக், ட்ரெக்கிங் ஷூ விற்கும் கடைகள் சென்னையிலும் கோவையிலும் இப்போது விற்பனையோடு நின்றுவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையில் குப்பை பொறுக்க ஆள் திரட்டுகின்றன, மலைக் கிராமத்துக்குப் போர்வை கொண்டுபோகின்றன, புதியவர்களை முதல் மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகின்றன. வரவேற்க வேண்டியதுதான். இந்தத் தொழிலுக்கு அது புதிதும் அல்ல. அமெரிக்காவின் ஆர்.இ.ஐ. கடை, 1938-ல் சியாட்டிலில் லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் தம்பதி தங்களோடு மலையேறுகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய கூட்டுறவு. நல்ல பனிக்கோடரி நியாயமான விலையில் கிடைக்கவில்லை என்று ஆஸ்திரியாவிலிருந்து வரவழைத்ததில் ஆரம்பித்தது. அங்கே கூட்டாளிகள் முதலில், கடை பிறகு.

நம் ஊரில் கடை முதலில் வருகிறது, கூட்டத்தை அப்புறம் சேர்க்கிறோம். பெரும்பாலான தவறுகளுக்கு இதுதான் வேர். கடைக்குத் தோதான தேதி, கடையில் கையிருப்பாக உள்ள பொருள், கடைக்கு வேண்டிய போட்டோ எல்லாம் முடிவான பிறகு, யாருக்காகச் செய்கிறோமோ அவர்களுக்குக் கடைசியாகத் தகவல் போகிறது.

குடோனில் தங்கியதைத் தானம் செய்வது

அடிக்கடி நடப்பது இது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், விற்காத ஷூ ஒரு மூலையில் அடுக்கிக் கிடக்கிறது. மலைவாழ் மக்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொல்கிறார்கள். விற்காமல் தங்கும் ஷூ எந்த அளவாக இருக்கும்? பெரும்பாலும் 45, 46. கொடுக்கப்போகும் ஊரில் பலருக்கும் அதைவிட நாலைந்து அளவு சிறிய கால். நடுக்கூடத்தில் நின்று ஒவ்வொருவராக ஷூவுக்குள் காலை விட்டுப் பார்த்து, சிரித்துக்கொண்டே கழற்றி வைத்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு மரியாதைக்காக மட்டும்தான்.

அளவு சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. பல ட்ரெக்கிங் ஷூக்களின் நடு அடி, அதாவது காலுக்கும் வெளி அடிக்கும் நடுவே இருக்கும் மெத்தை, பாலியூரிதேன் நுரை. காற்றில் உள்ள ஈரம் அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும், ஹைட்ராலிசிஸ் என்பார்கள். போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சிதைவு நிற்காது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் இன்னும் வேகம். மேலே பார்த்தால் புத்தம் புது ஷூ. முதல் நாள் நடையிலேயே அடி தனியாகக் கழன்று வரும், உள்ளிருந்து அவல் மாதிரித் துகள் கொட்டும். கொடுப்பதற்கு முன் நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் அது தானத்துக்கு அல்ல, குப்பைக்கு. பழைய டென்ட்டின் தரைத் துணிக்கும் அதே கதி: உள்பூச்சு ஒட்டும், புளித்த வாடை அடிக்கும், மழை உள்ளே வரும்.

பாறை ஏறும் கயிறு, இடுப்பில் மாட்டும் ஹார்னஸ் விஷயத்தில் சமாதானமே கூடாது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இவற்றுக்கு அதிகபட்சம் பத்து ஆண்டு என்றுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாக வரையறுக்கிறார்கள். நீலகிரியில் குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் இறங்கித் தேன் எடுக்கிறவர்கள். "பழசுதான், ஆனா நல்ல கயிறு" என்று ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு வந்தால் அது எதற்குப் பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை. காலம் முடிந்த கயிற்றை இரண்டடித் துண்டுகளாக வெட்டிவிட்டுத்தான் கடையை விட்டு வெளியே அனுப்ப வேண்டும்.

சரி, என்னதான் கொடுப்பது? கேட்டால் தெரியும். கோவைப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் ஒரு அக்கா சொன்னது: "பூட்ஸ் போட்டா கால் மண்ணைப் பிடிக்காதுங்க. ராத்திரி ஆனை நிக்கறது தெரியோணும். நல்ல டார்ச் லைட்டா நாலு குடுத்தீங்கன்னா போதும்." கடைக்காரர் வேனில் ஏற்றி வந்திருந்ததில் டார்ச் லைட் மட்டும் இல்லை.

ஷூவும் மழைக்கோட்டும் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் வேறு ஆட்கள்: காட்டுக்குள் தினமும் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பலர் தற்காலிகப் பணியாளர்கள், அதே மலை ஊர்க்காரர்கள். ரேஞ்சர் அலுவலகம் மூலம் ஆளுக்கு ஆள் கால் அளவு வாங்கி, புதுச் சரக்கில் இருந்து கொடுங்கள். பத்து ஜோடியே போதும்.

கொடுப்பதைவிட இரவல் தருவது நல்லது என்கிற இடமும் உண்டு. நேபாளத்தில் கீப் என்ற அமைப்பு காத்மாண்டுவில் சுமை தூக்குவோருக்கான துணி வங்கி நடத்தியது. மேலே போகிறவர் குளிராடை, ஷூ எடுத்துக்கொண்டு போய், இறங்கி வந்ததும் திருப்பித் தருவார். அடுத்த பயணத்துக்கு அடுத்தவர். கல்லூரி மாணவர்கள் முதல் மலையேற்றத்துக்குப் போவதற்கு ரக்சாக்கும் ஸ்லீப்பிங் பேக்கும் இப்படி இரவல் தரும் கடை நம் ஊரில் ஏன் அபூர்வமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

கண்ட இடத்தில் விதைப்பந்து

மலையேற்றத்தோடு விதைப்பந்து வீசுவதைச் சேர்த்துவிட்டால் அது "பசுமைப் பயணம்" ஆகிவிடுகிறது. குழந்தைகளுக்குக் குதூகலம், போட்டோவும் நன்றாக வரும். காட்டுக்கு நல்லதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் தெரியும் புல்வெளி, மரம் இல்லாமல் போன வெற்றிடம் அல்ல. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்பதுதான் அந்த மலையின் இயல்பு. வரையாடு மேய்வது அந்தப் புல்லில். குறிஞ்சி பூப்பதும் அங்கேதான், 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல். வெள்ளைக்காரர் காலத்தில் "சும்மா கிடக்கும் நிலம்" என்று அங்கே சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் நட்டார்கள். சீகை புல்வெளியை விழுங்கியது. இப்போது அதை அகற்ற அரசு பணம் செலவழித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மூட்டை விதைப்பந்தோடு நாம் போய்ச் செய்வது அதே வேலையின் சின்னப் பதிப்பு. சமவெளி மர விதையைக் காப்புக்காட்டுக்குள் எறிவது எந்த உயரத்திலும் தவறுதான்.

மரம்தான் நட வேண்டும் என்றால் ஊருக்குள் நடுங்கள்: பள்ளி வளாகம், ஏரிக்கரை, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் இடம். காட்டில் வேலை செய்ய ஆசை என்றால் வனத்துறையிடம் கேளுங்கள். உண்ணிச்செடி பிடுங்கும் வேலை இருக்கும். முள் குத்தும், இடுப்பு வலிக்கும், படமும் சுமாராகத்தான் வரும்.

"நம்ம கடை கூட்டிட்டுப் போகுது" என்ற நம்பிக்கை

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புல் காய்ந்து நிற்கும் பருவம் அது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு, உள்ளூர் வழிகாட்டிகளை வைத்து "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தைத் தொடங்கியது. தீப்பருவத்தில் பாதைகளை மூடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் "வாடிக்கையாளர்களுக்கு இலவச மலையேற்றம், மார்ச் மாதம்" என்று அறிவிப்பு கண்ணில் படுகிறது. கடையின் விற்பனை இலக்கு மார்ச்சில் முடிகிறது என்பதைத் தவிர அந்தத் தேதிக்கு வேறு காரணம் இருக்காது. இலவசமாகக் கூட்டிப்போனாலும் பொறுப்பு இலவசமாகக் கழன்றுவிடாது. பேனரில் கடையின் பெயர் இருப்பதால் அம்மா அப்பா நம்பி அனுப்புகிறார்கள். "பங்கேற்பாளர் சொந்தப் பொறுப்பில் வருகிறார்" என்று படிவத்தில் கையெழுத்து வாங்கியதால் மட்டும் அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லியாகிவிடாது.

கூட்டிப்போகும் கடை செய்ய வேண்டியவை: அனுமதி எந்தப் பாதைக்கோ அந்தப் பாதையிலேயே போய் வருவது, அனுமதி பெற்ற எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் சேர்க்காதது, பெயர்ப் பட்டியலை வனத்துறையிடமும் அடிவாரத்தில் ஒருவரிடமும் கொடுப்பது, உள்ளூர் வழிகாட்டி "இன்னிக்கு வேண்டாம்" என்றால் அதோடு திரும்புவது. கடையில் ஷூ விற்கும் தம்பி நல்ல நடைக்காரராக இருக்கலாம். அதனால் அவர் வழிகாட்டி ஆகிவிட மாட்டார்.

மூட்டை கட்டியதோடு முடிகிற துப்புரவு

குப்பை பொறுக்குவதைவிட, பொறுக்கிய குப்பை எங்கே போகிறது என்பது பெரிய கேள்வி. மலையடிவாரத்து ஊராட்சிக்கு இருப்பதே ஒரு டிராக்டராக இருக்கும். நாற்பது மூட்டையைச் சாலையோரம் அடுக்கிவிட்டு வேனில் ஏறினால், ராத்திரி பன்றியும் குரங்கும் பிரித்துப் போட்டுவிடும். கண்ணாடி, பெட் பாட்டில், மற்றவை என்று அங்கேயே பிரித்து, எடுத்துக்கொள்ளும் காயலான் கடைக்கு முன்கூட்டியே சொல்லி, மிச்சத்தை வண்டியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். எடுத்ததை வகைவாரியாக எண்ணி எழுதுவதும் முக்கியம். 1986-ல் டெக்சஸில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு இன்றுவரை மதிக்கப்படுவதற்கு, எடுத்த ஒவ்வொன்றையும் பட்டியலிடும் வழக்கம் ஒரு பெரிய காரணம். எண்ணிக்கை கையில் இருந்தால்தான் அரசிடம் எதையாவது கேட்க முடியும். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த பிறகு காட்டோரம் உடைந்த பாட்டில் குறைந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பொறுக்கியும் நடக்காத காரியம் அது.

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும். அந்த மாதங்களில் இரவு நிகழ்ச்சி, ஹெட்லாம்ப் அணிவகுப்பு எதுவும் வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கின்றன. வந்தவர்களுக்கு டி-ஷர்ட், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் என்று கொடுப்பதைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது.

பணம்: எதில் எத்தனை சதவீதம்?

"லாபத்தில் ஒரு பங்கு இயற்கைக்கு" என்று போர்டு வைப்பது சுலபம். லாபம் எவ்வளவு என்பது கடைக்காரருக்கும் அவருடைய ஆடிட்டருக்கும் மட்டும் தெரியும். நஷ்டக் கணக்கு காட்டிய ஆண்டில் பங்கு பூஜ்யம். அமெரிக்காவின் மலையேற்ற உடை நிறுவனமான படகோனியா விற்பனையில் ஒரு சதவீதம் என்று கணக்கு வைத்தது. 2002-ல் அதன் நிறுவனர் இவோன் ஷுவினார்டும் தூண்டில் கடை நடத்திய கிரெய்க் மேத்யூஸும் இதே கணக்கில் "ஒன் பர்சென்ட் ஃபார் த பிளானெட்" அமைப்பைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் பெரிய தள்ளுபடி விற்பனை நாளான பிளாக் ஃபிரைடேயில், 2016-ல், அன்றைய விற்பனை முழுவதையும் தருகிறோம் என்று படகோனியா அறிவித்தது. இருபது லட்சம் டாலர் எதிர்பார்த்தார்கள், வந்தது ஒரு கோடி டாலர். சொன்னபடி அத்தனையும் போனது. அந்த வாக்கில் "லாபம்" என்ற சொல் இருந்திருந்தால் கதையே வேறு.

பில் கவுன்ட்டரில் "ஏழு ரூபாய் சேர்த்து ரவுண்டு பண்ணிடலாமா?" என்று வாங்கும் பணம் வாடிக்கையாளருடையது. அதை மொத்தமாகச் சேர்த்துப் பெரிய காசோலை மாதிரி அட்டை செய்து, கடையின் நன்கொடையாகக் காட்டுவது நாணயமில்லாத வேலை. பெரிய நிறுவனங்களுக்கு இன்னொன்று: கம்பெனிச் சட்டம் 2013-ன் 135-வது பிரிவில் வருகிறவர்கள், அதாவது நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டியவர்கள், மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட்டே ஆக வேண்டும். சட்டக் கடமையைத் தாராள மனசு என்று விளம்பரம் செய்தால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

கடை ஊழியரின் ஞாயிற்றுக்கிழமை

பலரும் கவனிக்காத இடம் இது. "தன்னார்வலர்" என்று அழைக்கப்படுகிறவர்களில் பாதிப் பேர் கடை ஊழியர்கள். வராவிட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார் என்பதற்காக வருகிறவர்கள். ஆர்.இ.ஐ. 2015-ல் பிளாக் ஃபிரைடே அன்று 143 கடைகளையும் மூடியது. பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்து, வெளியே போங்கள் என்றது. பெயர் வாங்கித் தந்ததே அந்தச் சம்பளம்தான். அதே நிறுவனத்தின் மன்ஹாட்டன் கடை ஊழியர்கள் 2022-ல் சங்கம் வைக்க வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியே செய்யும் நற்பணி உள்ளே இருக்கும் கணக்கைத் தீர்க்காது. 2025 ஜனவரியில் ஆர்.இ.ஐ. தன் சுற்றுலா, பயிற்சி வகுப்புப் பிரிவை நட்டத்தைக் காரணம் சொல்லி மூடியபோது 428 பேருக்கு வேலை போனது. எவ்வளவு காலம் நடத்த முடியும் என்று தெரியாத நிகழ்ச்சியை நம்பி ஒரு மலை ஊரில் நாலு வழிகாட்டிகளைப் பழைய வேலையை விட வைக்காதீர்கள்.

புதிதாகத் தொடங்கும் கடைக்கு என் சிபாரிசு, மாதம் ஒரு பழுதுபார்க்கும் நாள். போகாத ஜிப்புக்குப் புது ஸ்லைடர், வாய் பிளந்த ஷூவுக்கு ஒட்டும் தையலும், கிழிந்த டென்ட்டுக்கு ஒட்டுத் துணி. எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி என்று அறிவியுங்கள். அந்த மேஜையைத் தள்ளுபடி ரேக்குக்குப் பக்கத்தில் போடாதீர்கள்; "இது தேறாது, புதுசு வாங்கிக்கோங்க" என்ற வார்த்தை தானாக வாயில் வந்துவிடும். தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனையே உட்கார வையுங்கள், உங்கள் ஆட்களைவிட அவருக்கு வேலை தெரியும். அவருடைய ஒரு நாள் வருமானம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, காலையிலேயே கையில் கொடுத்துவிடுங்கள்.