ஈரடுக்குப் பாலமும் ஆடி மேகமும்: கறுப்பு வெள்ளையில் கட்டடம் எடுக்கும் முறை

கறுப்பு வெள்ளையில் கட்டடத்தைக் கலைப்படமாக எடுக்க விரும்புகிறவர்கள் சென்னையின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு ஏங்க வேண்டியதில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் 1973இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. நிறத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒளி மட்டும்தான். எந்தப் பரப்பு வெளுக்க வேண்டும், எது இருள வேண்டும் என்று தீர்மானிப்பதே இந்தக் கலை.

படி 1: கேமரா இல்லாமல் போங்கள்

காலையும் மாலையும் பாலத்தடியில் நடந்து பாருங்கள். தூணின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருளும் நேரம்தான் உங்கள் நேரம். இரு பக்கமும் ஒரே சாம்பலாக இருந்தால் தூண் தட்டையாகிவிடும். முழுப் பாலத்தையும் படத்துக்குள் அடைக்க ஆசைப்படாதீர்கள். இரண்டு தூண்களும் மேல்தளத்தின் விளிம்பும் போதும். சுவரொட்டியும் மின்கம்பியும் விழாத கோணம் கிடைக்கும்வரை நகர்ந்துகொண்டே இருங்கள்.

படி 2: மேகத்தின் திசை

ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் விழும்போது நெல்லையில் பெரும்பாலும் மழை இருக்காது. மேகம் மட்டும் மேற்கிலிருந்து விரைந்து ஓடும். இந்தப் படங்களுக்கு இதைவிட நல்ல வானம் எனக்குத் தெரியாது. ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் மேகம் கோடுகளாக இழுபடும். மேற்கு நோக்கி எடுத்தால் கோடுகள் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து நம்மை நோக்கி வரும். வடக்கு அல்லது தெற்கு நோக்கினால் குறுக்காக ஓடும். நிமிர்ந்த தூணுக்கு முதல் வகையே அழகு.

படி 3: எடுப்பது

முக்காலி கட்டாயம். அதைப் பாலத்தின் மேல் வைக்காதீர்கள், பஸ் போகும்போது தளம் அதிரும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பு. முதலில் ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றி, பிறகு பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டரை, அதாவது லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கறுத்த கண்ணாடியை, மாட்டுங்கள். ஒரு ஸ்டாப் ஒளியைப் பாதியாக்கும், பத்து ஸ்டாப் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். ஃபில்டர் இல்லாமல் 1/15 நொடி தேவைப்பட்ட மாலை வெளிச்சத்தில் இப்போது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வேண்டும். 30 நொடியைத் தாண்டினால் பல்ப் முறையும் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) ரிமோட்டும் வேண்டும். மேலைக்காற்று பலமாக இருந்தால் பையை முக்காலியின் நடுவில் தொங்கவிடுங்கள்.

படி 4: ஒளியை மீண்டும் எழுதுவது

உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான். மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தைக் குறைத்தால் நீல வானம் கறுக்கும். அளவு மீறினால் கட்டட விளிம்பில் வெள்ளைக் கோடு தோன்றும், அங்கே நிறுத்துங்கள்.

பிறகு படத்தைப் பரப்புகளாகப் பிரியுங்கள்: வானம், தூணின் முன்பக்கம், பக்கவாட்டு, தளத்தின் அடிப்பகுதி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்வு செய்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெல்ல வெளிறும்படி டோன் (வெளுப்பும் இருளும் கலந்த அளவு) கொடுங்கள். பரப்பு முழுவதும் ஒரே அளவில் வெளுத்தால் கான்கிரீட் காகிதமாகிவிடும். ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த, ஒளியின் அளவை எண்களாகப் பிரிக்கும் மண்டல முறையில் 0 முழுக் கறுப்பு, 10 முழு வெள்ளை. அந்த அளவுகோலை மனத்தில் வைத்து, கண் முதலில் விழ வேண்டிய இடத்துக்கு மட்டும் 8, 9 கொடுங்கள். வானம் 2, 3இல் கிடக்கட்டும்.

அடுத்த பயிற்சி

பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்குப் போங்கள். உருளையான கோபுரத்தில் ஒளி விளிம்பில்லாமல் இருளாக மாறுவதால் டோன் பழக ஏற்றது. நீண்ட எக்ஸ்போஷரில் சுழலும் இறக்கைகள் கரைந்துவிடும். அதே இடத்திலிருந்து ஃபில்டர் இல்லாமல் இன்னொரு படம் எடுத்து இறக்கைகளை அதிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.